தூரத்து அரசும் எல்லைப்புற மக்களும்: 1848 கிளர்ச்சியை விளங்கிக்கொள்வோம்

க.பொ.த. (சாதாரண தரம்) – வரலாறு

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்

1. 1848 கிளர்ச்சிக்கான காரணங்களை நீண்டகாலக் காரணங்கள், உடனடிக் காரணங்கள் எனப் பிரித்து எழுதுவீர்கள்.
2. கிளர்ச்சியின் போக்கையும் அது அடக்கப்பட்ட விதத்தையும் ஒழுங்குமுறையாக விளக்குவீர்கள்.
3. கிளர்ச்சியின் விளைவுகளைக் குறிப்பிடுவீர்கள்.
4. அமெரிக்காவில் நிகழ்ந்த இதையொத்த எழுச்சிகளுடன் ஒப்பிட்டு, ஒற்றுமை வேற்றுமைகளைக் காட்டுவீர்கள்.

அறிமுகம்



அனலைதீவில் மாலை வகுப்பொன்றில் இப்பாடத்தைத் தொடங்கியபோது பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "ரீச்சர், நாய்க்கு வரி போட்டதுக்கோ சனம் கலகம் செய்தது?" வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. பரீட்சையில் பெரும்பாலான மாணவர்கள் "டொரிங்டன் தேசாதிபதி நாய் வரி, துப்பாக்கி வரி முதலியவற்றை விதித்தமையால் 1848 கலகம் ஏற்பட்டது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். அது பிழையன்று. ஆயினும் அது அரைவிடை. ஒரு நாய்க்கு ஆண்டுக்கு ஒரு சிலிங் என்பதற்காக மாத்திரம் மனிதர்கள் உயிரைக் கொடுப்பதில்லை.

அப்படியாயின் எதற்காகக் கொடுத்தார்கள்? அந்த வினாவுக்கு விடை தேடுவதே இப்பாடம்.

தொடங்குமுன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு சிறிய காரியத்துக்குக் கச்சேரிக்குப் போக வேண்டுமானால், நாம் முதலில் படகேறி ஊர்காவற்றுறைக்குப் போக வேண்டும். அங்கிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் போக வேண்டும். கடல் குழம்பிய நாளில் அதுவும் இல்லை. போய்ச் சேர்ந்தபின் "இந்தக் கடிதம் போதாது, நாளைக்கு வாங்கோ" என்றால், பட்டினத்தில் இருப்பவருக்கு அது ஒரு மணித்தியாலத்து அலைச்சல். நமக்கு அது இன்னொரு முழுநாள். சட்டம் இருவருக்கும் ஒன்றே. ஆனால் அதன் பாரம் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பாடத்துக்குள் வாருங்கள்.

1. எல்லைப்புறம் என்றால் என்ன?

ஓர் அரசின் ஆட்சி புதிதாகச் சென்றடைந்த, தலைநகரிலிருந்து தொலைவிலுள்ள பிரதேசத்தை எல்லைப்புறம் என்பர். அங்கே மூன்று விடயங்களைப் பொதுவாகக் காணலாம்.

(அ) காணி யாருடையது என்பதில் தகராறு இருக்கும்.
(ஆ) அரசு வரி கேட்க வரும். ஆனால் மக்களின் குறை கேட்க வருவது குறைவு.
(இ) சட்டத்தை ஆக்குபவர்கள் அந்த மண்ணின் வாழ்க்கையை அறியாதவர்களாக இருப்பர்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டிப் பிரதேசம் பிரித்தானிய அரசுக்கு இத்தகைய எல்லைப்புறமாகவே இருந்தது. கரையோரப் பிரதேசங்களைப் பிரித்தானியர் 1796 இல் கைப்பற்றிவிட்டனர். கண்டி 1815 இலேயே அவர்கள் வசமாகியது. 1817–1818 இல் ஊவா வெல்லஸ்ஸவில் பெருங்கிளர்ச்சி எழுந்து கடுமையாக அடக்கப்பட்டது. அதன்பின் மலைநாட்டுக்குப் பாதைகள் வெட்டப்பட்டன. பாதை வழியே கோப்பித் தோட்டக்காரர் வந்து குடியேறினர்.

தூரத்தையும் கவனியுங்கள். 1848 இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் இல்லை. அது 1867 இலேயே ஓடத் தொடங்கியது. தந்தி வசதியும் இல்லை. அது 1858 இலேயே வந்தது. சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869 இல். எனவே கொழும்பிலிருந்து இலண்டனுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வர மாதக்கணக்காகும். கண்டிக் கிராமவாசிக்குக் கொழும்பு தூரம். கொழும்புக்கோ இலண்டன் தூரம். கிராமவாசியின் சொல் இந்த இரண்டு தூரங்களையும் கடக்க வேண்டியிருந்தது.

2. நீண்டகாலக் காரணங்கள்

2.1 காணி பறிபோதல்

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் (முடிக்குரிய காணிகள் பற்றிய சட்டம், தரிசுநிலச் சட்டம் எனவும் எழுதுவர்) காடுகள், தரிசுகள், பயிர்செய்யப்படாத காணிகள் ஆகியவற்றை முடிக்குரியவை எனக் கருதியது. தனக்குரியது என்று ஒருவர் உரிமை கோரினால் அதை அவரே நிரூபிக்க வேண்டும்.

கண்டிக் கிராமவாசி வயலை நம்பி மாத்திரம் வாழவில்லை. சேனைப் பயிர்ச்செய்கை, மாடு மேய்த்தல், விறகு, தேன், மூலிகை யாவற்றுக்கும் ஊரைச் சுற்றியுள்ள காட்டை நம்பியே வாழ்ந்தான். சேனை ஒரு போகம் செய்யப்பட்டுப் பின் சில ஆண்டுகள் சும்மா விடப்படும். உரிமைப்பத்திரம் எழுதிவைக்கும் வழக்கமும் பெரிதும் இல்லை. ஊராருக்கு எது யாருடையது என்று தெரியும். அதுவே போதுமாக இருந்தது. கொழும்பில் எழுதப்பட்ட சட்டத்தின் கண்ணுக்கு அந்தச் சேனைக்காணி "பயிர்செய்யப்படாத காணி". அரசு அதை விற்றது, தோட்டக்காரர் வாங்கினர்.

இதை நன்கு விளங்கிக்கொள்ளுங்கள். சட்டம் எழுதியவர் எல்லோரும் கெட்ட எண்ணத்துடன் எழுதினர் என்று கூறத் தேவையில்லை. தூரத்திலிருந்து பார்த்தவருக்குக் காடு காடாகவே தெரிந்தது. அருகில் வாழ்ந்தவனுக்கு அது சீவியம்.

2.2 குரல் இல்லாமை

கோல்புறூக் சீர்திருத்தத்தின்படி 1833 இல் கண்டிப் பிரதேசத்துக்கென இருந்த தனி நிர்வாகம் நீக்கப்பட்டு, நாடு முழுவதும் ஐந்து மாகாணங்களாக ஒன்றிணைக்கப்பட்டது. சட்டநிரூபண சபையும் அமைக்கப்பட்டது. அதில் உத்தியோகபற்றற்ற அங்கத்தவர்களுக்கு ஆறு இடங்கள் இருந்தன: ஐரோப்பியர் 3, சிங்களவர் 1, தமிழர் 1, பறங்கியர் 1. அவர்களையும் தேசாதிபதியே நியமித்தார். கண்டியருக்கெனத் தனியான ஓர் இடம் 1889 இலேயே வழங்கப்பட்டது. ஆகவே 1848 இல் வரிச் சட்டங்கள் நிறைவேறியபோது, "இது எங்கள் ஊரில் சரிவராது" என்று சபையில் எழுந்து சொல்லக் கண்டியருக்கென ஒருவரும் இருக்கவில்லை.

2.3 சமய, சமூகக் காரணங்கள்

1815 உடன்படிக்கையில் பௌத்த சமயத்தைப் பேணுவதாகப் பிரித்தானியர் வாக்களித்திருந்தனர். பின்னர் அந்தத் தொடர்பிலிருந்து அவர்கள் படிப்படியாக விலகியமை பிக்குமாருக்கும் மக்களுக்கும் மனக்கசப்பை ஏற்படுத்தியது. தோட்டங்களையும் பாதைகளையும் தொடர்ந்து மதுபானக் கடைகளும் புதுப் பழக்கங்களும் வந்து கிராம ஒழுங்கைக் குலைத்தன.

3. உடனடிக் காரணம்: டொரிங்டனின் வரிகள்

1840 களின் பிற்பகுதியில் கோப்பியின் விலை வீழ்ச்சியடைந்தது. தோட்டங்கள் பல நட்டமடைந்தன. அரசின் வருமானமும் குறைந்தது. 1847 இல் தேசாதிபதியாக வந்த டொரிங்டன் பிரபு, கோப்பித் துறையைத் தாங்கும்பொருட்டுக் கோப்பி மீதான ஏற்றுமதித் தீர்வையை நீக்கும் கொள்கையைப் பின்பற்றி, வருமானக் குறைவைப் பொதுமக்கள் மீது விதித்த புதிய வரிகளால் ஈடுசெய்ய முயன்றார். 1848 இல் நடைமுறைக்கு வந்த முக்கிய வரிகள் வருமாறு:

• துப்பாக்கி வரி – ஒரு துப்பாக்கிக்கு ஆண்டுக்கு 2 சிலிங் 6 பென்ஸ்
• நாய் வரி – ஒரு நாய்க்கு ஆண்டுக்கு 1 சிலிங்
• கடை வரி
• வண்டி வரி
• முத்திரை வரி
• வீதி வரி – 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு 6 நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும். அல்லது 3 சிலிங் செலுத்த வேண்டும்.

(அக்காலத்தில் 12 பென்ஸ் ஒரு சிலிங், 20 சிலிங் ஒரு பவுண்.)

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். இவை ஏன் மக்களை இவ்வளவு தூரம் கோபப்படுத்தின?

துப்பாக்கி: கிராமவாசிக்கு அது அலங்காரப் பொருளன்று. யானை, பன்றி ஆகியவற்றிலிருந்து வயலையும் சேனையையும் காக்கும் கருவி. நாயும் அவ்வாறே, வீட்டுக்கும் சேனைக்கும் காவல். எனவே இவ்விரு வரிகளும் பயிரைக் காப்பதற்கே விதித்த வரிகளாக மக்களுக்குத் தோன்றின.

காசு: கிராமப் பொருளாதாரம் பெரும்பாலும் பண்டமாற்றில் நடந்தது. நெல் இருக்கும், சிலிங் இராது. வரியைக் காசாகக் கேட்டபோது தொகை சிறிதாயினும் தேடுவது பெரிதாயிற்று.

வீதி வேலை: இராஜகாரிய முறை 1830 களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டுப் பதினைந்து ஆண்டுகளே சென்றிருந்தன. அது காணி அனுபவிப்பதற்குப் பதிலாகச் செய்த கட்டாய சேவை. இப்போதோ காணியும் போயிற்று, கட்டாய வேலை மாத்திரம் திரும்பி வந்தது என மக்கள் கருதினர். வெட்டப்படும் வீதிகளால் பெரிதும் பயனடைபவர் தோட்டக்காரர் என்பதையும் அவர்கள் கண்டனர். பிக்குமாருக்கும் முதலில் விலக்கு அளிக்கப்படாமை கோபத்தைக் கூட்டியது.

இவற்றுடன், இன்னும் பல பொருட்களுக்கும் வரி வரப்போகிறது என்ற வதந்திகளும் பரவின. அரசு தன் நோக்கத்தை மக்களுக்கு அவர்களின் மொழியில் விளக்காதவிடத்து வதந்தியே அறிவித்தலாகிவிடும்.

நினைவிற் கொள்க: வரிகள் நெருப்புப் பொறி. காணி பறிபோனமையும் குரல் இல்லாமையும் காய்ந்த விறகு. பொறியை மாத்திரம் எழுதினால் விடை முழுமையடையாது.

4. கிளர்ச்சியின் போக்கு

மக்கள் எடுத்தவுடன் ஆயுதம் தூக்கவில்லை என்பதை முதலில் எழுதுங்கள். 1848 யூலை மாதத் தொடக்கத்தில் பெருந்தொகையான மக்கள் கண்டிக் கச்சேரியின் முன் திரண்டு தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். கொழும்பிலும் எதிர்ப்புக் கிளம்பியது. "கொழும்பு ஒப்சேவர்" பத்திரிகையின் ஆசிரியர் கலாநிதி கிறிஸ்தோபர் எலியட் வரிகளைக் கண்டித்தார். அவ்வாண்டு பெப்ரவரியில் பிரான்சில் மன்னராட்சி வீழ்ந்திருந்தது. அச்செய்தியையும் சேர்த்து அப்பத்திரிகையில் வெளியான கடிதம் சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டுப் பரவியது.

வரிகள் விலகவில்லை. யூலை மாத இறுதியில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் கிரானேகம தேரரின் ஆசியுடன் மன்னராக முடிசூட்டப்பட்டார். அவரது முக்கிய துணைவர் புரன் அப்பு (வீரஹென்னதிகே பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ). கிளர்ச்சியாளர் மாத்தளையைத் தாக்கினர். அரசாங்கக் கட்டடங்கள் சேதமாக்கப்பட்டன. குருநாகலிலும் டிங்கிரால என்பவரின் தலைமையில் எழுச்சி ஏற்பட்டது.

தலைமை பற்றி ஒரு குறிப்பு முக்கியமானது. 1818 இல் கெப்பெட்டிபொல போன்ற கண்டிப் பிரதானிகள் தலைமை தாங்கினர். 1848 இல் பிரதானிகள் பெரும்பாலும் ஒதுங்கி நின்றனர். கொங்காலேகொட பண்டாவும் புரன் அப்புவும் கரைநாட்டைச் சேர்ந்த சாதாரண மனிதர்கள். எனவே இது பிரதானிகள் தம் பதவியை மீட்க நடத்திய போராட்டமன்று. சாதாரண மக்களின் எழுச்சி. அதேவேளை, அவர்கள் மனத்தில் இருந்த மாற்றுவழி பழைய மன்னராட்சியே. சபையில் இடம் கேட்கும் வழியை அவர்கள் அறியும் வாய்ப்பு இருக்கவில்லை.

5. அடக்குமுறை

டொரிங்டன் யூலை இறுதியில் கண்டியிலும் தொடர்ந்து குருநாகலிலும் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். ஆயுதப் பயிற்சியற்ற மக்கள் படையினர் முன் சில நாட்களில் சிதறினர். ஆயினும் இராணுவச் சட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது. பிழை இங்கேதான் பெரிதாயிற்று. எதிர்ப்பு ஓய்ந்தபின்னும் தண்டனை ஓயவில்லை.

• புரன் அப்பு 1848 ஓகஸ்ட் 8 இல் கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டார்.
• குடாபொல தேரர் அதே மாதம் காவியுடையுடனேயே சுட்டுக்கொல்லப்பட்டார். இது இங்கிலாந்திலும் பெரும் கண்டனத்தை எழுப்பியது.
• கொங்காலேகொட பண்டா செப்ரெம்பரில் பிடிபட்டார். அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை மாற்றப்பட்டு, 100 கசையடியும் மலாக்காவுக்கு நாடு கடத்தலும் வழங்கப்பட்டன. 1849 இல் அவர் அங்கேயே இறந்தார்.

இராணுவ நீதிமன்றங்களில் பலர் அவசர விசாரணையின் பின் கொல்லப்பட்டனர். கிராமவாசிகளின் சொத்துக்கள் பறிமுதல் செய்யப்பட்டன.

6. விளைவுகள்

1. புதிய வரிகளில் பல கைவிடப்பட்டன அல்லது தளர்த்தப்பட்டன.
2. வீதிச் சட்டம் நீடித்தது. எனினும் பிக்குமாருக்கு விலக்களிக்கப்பட்டது.
3. இலங்கை நிலைமை பற்றி ஆராயப் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு தெரிவுக் குழுவை அமைத்தது. அது 1849, 1850 ஆண்டுகளில் சாட்சியங்களை விசாரித்தது.
4. டொரிங்டன் 1850 இல் பதவியிழந்தார். குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்டும் திருப்பி அழைக்கப்பட்டார். அடுத்த தேசாதிபதியாக ஜோர்ஜ் அண்டர்சன் வந்தார்.
5. காணிப் பிரச்சினை தீரவில்லை. கண்டியரின் குரலுக்கு இடம் கிடைக்க மேலும் 41 ஆண்டுகள் சென்றன.

மூன்றாம், நான்காம் விளைவுகளைப் பாருங்கள். குரல் இறுதியில் இலண்டனை எட்டியது. ஆனால் துப்பாக்கிச் சத்தத்தின் பின்னரே எட்டியது. கச்சேரி முன் கூடிய நாளிலேயே அது எட்டியிருந்தால் பலர் உயிரோடிருந்திருப்பர்.

7. ஒப்பீடு: அமெரிக்காவின் எல்லைப்புறம்

இதே சிக்கல் கண்டிக்கு மாத்திரம் உரியதன்று. உலகப் புரட்சிகள் என்ற பாடப்பகுதியில் அமெரிக்க சுதந்திரப் போராட்டத்தைக் கற்கிறீர்கள். அதை இங்கே பொருத்திப் பார்ப்போம்.

7.1 சுதந்திரத்துக்கு முன்

வட அமெரிக்காவின் 13 குடியேற்றங்களிலிருந்த மக்கள் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்த இலண்டனால் ஆளப்பட்டனர். 1763 இல் மன்னர் வெளியிட்ட பிரகடனம் அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே அவர்கள் குடியேறுவதைத் தடுத்தது. 1765 இல் முத்திரைச் சட்டம் வந்தது. பாராளுமன்றத்தில் தமக்குப் பிரதிநிதி இல்லாதபோது தம்மீது வரி விதிக்க முடியாது என்று அவர்கள் வாதிட்டனர். முத்திரைச் சட்டம் 1766 இல் நீக்கப்பட்டது. ஆனால் வேறு வரிகள் தொடர்ந்தன. 1773 டிசெம்பரில் பொஸ்ரன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் வீசப்பட்டன. 1775 இல் போர் தொடங்கியது. 1776 யூலை 4 இல் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டது. 1783 இல் பிரித்தானியா சுதந்திரத்தை அங்கீகரித்தது.

7.2 சுதந்திரத்துக்குப் பின்

(இப்பகுதி பாடத்திட்டத்தில் இல்லை. விளக்கத்துக்காக மாத்திரம் தரப்படுகிறது.)

அந்நிய அரசு போய்ச் சொந்த அரசு வந்தால் இத்தகைய பிரச்சினை தீர்ந்துவிடுமா? அமெரிக்க வரலாறு "இல்லை" என்கிறது. புதிய அரசின் கடனைத் தீர்க்க நிதிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹமில்ரன் 1791 இல் விஸ்கிக்கு வரி விதிப்பித்தார். தலைநகரான பிலடெல்பியாவில் இருந்தவர்களுக்கு விஸ்கி ஒரு குடிவகை. மேற்குப் பென்சில்வேனியாவில் மலைக்கு அப்பால் குடியேறியிருந்த விவசாயிகளுக்கோ அது தானியத்தைக் காசாக்கும் வழி. தானிய மூட்டைகளைக் குதிரையிலேற்றி மலைகடத்தினால் கூலியே கட்டாது. அதை வடித்தால் பாரம் குறையும், விலை கூடும். படகுக்கூலி கொடுத்துப் பொருள் அனுப்பும் தீவு மக்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. வரியையும் காசாகவே கட்ட வேண்டும். வழக்கு வந்தால் தொலைவிலுள்ள பிலடெல்பியாவுக்குப் போக வேண்டும்.

முதலில் கூட்டங்கள், மனுக்கள். பின்னர் வரி அதிகாரிகள் தாக்கப்பட்டனர். 1794 யூலையில் வரிப் பரிசோதகர் ஜோன் நெவிலின் வீடு எரிக்கப்பட்டது. சனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் முதலில் சமாதானத் தூதுக்குழுவை அனுப்பினார். அதேவேளை ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட படையையும் திரட்டினார். படை சென்றபோது எதிர்ப்புக் கரைந்துவிட்டது; பெரும்போர் நிகழவில்லை. தேசத்துரோகக் குற்றத்துக்கு உள்ளான இருவரையும் வாஷிங்டன் மன்னித்தார். 1802 இல் ஜெபர்சன் ஆட்சிக்காலத்தில் அந்த வரியே நீக்கப்பட்டது.

7.3 ஒற்றுமைகள்

• வரி விதித்த அரசு தொலைவில் இருந்தது.
• தலைநகரில் சிறிதாகத் தோன்றிய வரி எல்லைப்புற வாழ்வின் ஆதாரத்தைத் தொட்டது (துப்பாக்கி, நாய், விஸ்கி).
• காசு அரிதான இடத்தில் காசாக வரி கேட்கப்பட்டது.
• எதிர்ப்புக் கூட்டங்களிலும் முறைப்பாடுகளிலும் தொடங்கி வன்முறையில் முடிந்தது.

7.4 வேற்றுமைகள்

• அமெரிக்க எல்லைப்புறத்தார் வந்து குடியேறியவர்கள். கண்டிக் கிராமவாசிகளோ பரம்பரையாக அம்மண்ணில் வாழ்ந்தவர்கள். அங்கே புதிதாகக் குடியேறியவர் தோட்டக்காரரே. அமெரிக்கக் குடியேறிகள் தாமே பூர்வீகக் குடிகளின் நிலத்தில் குடியேறியவர்கள் என்பதையும் மறவாதீர்கள். தனக்கு நீதி கேட்பவன் இன்னொருவனுக்கு அநீதி செய்பவனாகவும் இருக்கலாம்.
• 1776 இல் அமெரிக்கருக்கும் 1848 இல் கண்டியருக்கும் வரி விதித்த சபையில் பிரதிநிதி இல்லை. 1794 இல் மேற்குப் பென்சில்வேனியாவுக்குக் காங்கிரசில் பிரதிநிதிகள் இருந்தனர். எனவே கிளர்ச்சி அடங்கியபின்னும் வாக்கின் மூலம் வரியை நீக்கும் வழி திறந்திருந்தது.
• வாஷிங்டன் பலத்தைக் காட்டிப் பின் மன்னித்தார். டொரிங்டன் எதிர்ப்பு ஓய்ந்தபின்னும் தண்டித்தார்.

இந்த வேற்றுமைகளே பாடத்தின் உயிர். குறை எல்லா நாட்டிலும் எழும். அது கிளர்ச்சியாவதும் சீர்திருத்தமாவதும், குறையைச் சொல்ல ஒரு வழி இருந்ததா, அரசு அதைக் கேட்டதா என்பதைப் பொறுத்தது.

8. மாணவர் வழக்கமாக விடும் தவறுகள்

1. டொரிங்டனின் ஆட்சிக்காலத்தையும் 1840 காணிச் சட்டத்தையும் சேர்த்து எழுதுதல். 1840 இல் டொரிங்டன் இலங்கையில் இல்லை. அவர் 1847 இல் வந்தவர்.
2. கெப்பெட்டிபொலவை 1848 இன் தலைவராக எழுதுதல். அவர் 1818 இல் மரண தண்டனை பெற்றவர்.
3. புரன் அப்பு மன்னராக முடிசூடினார் என எழுதுதல். முடிசூட்டப்பட்டவர் கொங்காலேகொட பண்டா.
4. "காரணங்கள்" என்ற வினாவுக்கு விளைவுகளை எழுதுதல். வினாவின் ஏவற்சொல்லைக் கோடிட்டபின் விடை எழுதுங்கள்.
5. பெயரிடலில் குழம்புதல். பிரித்தானிய ஆவணங்கள் "கலகம்" என்றன. நம் நாட்டு நூல்கள் "சுதந்திரப் போராட்டம்" எனவும் குறிப்பிடுகின்றன. ஒரே நிகழ்ச்சிதான். வினாவில் வரும் சொல்லையே விடையிலும் பயன்படுத்துங்கள்.

9. பயிற்சி

பகுதி அ – சரியான விடையைத் தெரிவு செய்க.

1. 1848 கிளர்ச்சியின்போது இலங்கையின் தேசாதிபதி
(1) பார்ன்ஸ் (2) டொரிங்டன் (3) அண்டர்சன் (4) வார்ட்

2. வீதி வரியைக் காசாகச் செலுத்தாதவர் ஆண்டுக்கு வேலை செய்ய வேண்டிய நாட்கள்
(1) 3 (2) 6 (3) 12 (4) 15

3. கொங்காலேகொட பண்டா முடிசூட்டப்பட்ட இடம்
(1) கண்டி (2) குருநாகல் (3) தம்புள்ளை (4) மாத்தளை

4. சட்டநிரூபண சபையில் கண்டியருக்கெனத் தனி இடம் வழங்கப்பட்ட ஆண்டு
(1) 1833 (2) 1848 (3) 1850 (4) 1889

விடைகள்: 1 – (2), 2 – (2), 3 – (3), 4 – (4)

பகுதி ஆ – அமைப்புக் கட்டுரை

(i) 1848 இல் விதிக்கப்பட்ட வரிகள் மூன்றினைப் பெயரிடுக.
(ii) வீதி வரியை மக்கள் இராஜகாரியத்தின் மீள்வருகையாகக் கருதியமைக்கான காரணத்தை விளக்குக.
(iii) "1848 கிளர்ச்சிக்கு வரிகள் மாத்திரமே காரணமல்ல." இக்கூற்றை இரு காரணங்கள் தந்து விளக்குக.

(iii) இற்கான மாதிரி விடை:

1848 இல் விதிக்கப்பட்ட வரிகள் கிளர்ச்சியின் உடனடிக் காரணமாக அமைந்தன. எனினும் அதற்கு முன்பே மக்களிடையே அதிருப்தி வளர்ந்திருந்தது. முதலாவதாக, 1840 ஆம் ஆண்டின் காணிச் சட்டம் உரிமை நிரூபிக்கப்படாத காடு, சேனைக் காணிகளை முடிக்குரியவையாகக் கருதியது. அக்காணிகள் கோப்பித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டமையால் கிராமவாசிகள் தம் சீவனோபாயத்தின் ஒரு பகுதியை இழந்தனர். இரண்டாவதாக, 1833 இல் அமைக்கப்பட்ட சட்டநிரூபண சபையில் கண்டியருக்கெனப் பிரதிநிதி இருக்கவில்லை. ஆகவே தம்மைப் பாதிக்கும் சட்டங்களை எதிர்த்துச் சபையில் குரல் எழுப்ப அவர்களுக்கு வழி இருக்கவில்லை. இவ்வாறு வளர்ந்திருந்த அதிருப்தியை வரிகள் கிளர்ச்சியாக மாற்றின.

கவனியுங்கள்: விடை கூற்றை ஏற்றுத் தொடங்குகிறது, இரு காரணங்களைத் தனித்தனியே ஆண்டுடன் தருகிறது, இறுதியில் மீண்டும் கூற்றுக்குத் திரும்புகிறது. இந்த ஒழுங்கை எந்த வினாவுக்கும் பின்பற்றலாம். (i), (ii) ஆகியவற்றுக்கு நீங்களே விடை எழுதி 3 ஆம் பகுதியுடன் ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

10. முடிவாக

கேள்வி கேட்ட அந்த மாணவன் மறுவாரம் எழுதிக் காட்டிய விடையில் ஒரு வாக்கியம் இருந்தது: "நாய்க்கு வரி கேட்டவர், அந்த நாய் எதைக் காவல் காத்தது என்று கேட்கவில்லை." அதன்கீழ் சிவப்புப் பேனையால் ஒரு சரி மாத்திரம் போட்டேன், திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

பட்டினத்துப் பெரிய ரியூசன்களில் படிப்பவர்களோடு போட்டியிட முடியுமா என்று தீவுப் பிள்ளைகள் சிலர் தயங்குகிறீர்கள். அச்சிட்ட குறிப்புகள் அவர்களிடம் கூட இருக்கலாம். ஆனால் ஓர் அலுவலகம் தூரத்தில் இருப்பது என்றால் என்ன, நம் நிலைமை தெரியாமல் எழுதிய ஒரு விதி எப்படிப் பாரமாகும் என்பது உங்களுக்குப் புத்தகத்தைத் திறக்கு முன்பே தெரியும். அந்த அறிவோடு ஆண்டுகளையும் பெயர்களையும் சேர்த்துப் படியுங்கள். மனனம் செய்தவர் எழுதும் விடையைவிட விளங்கியவர் எழுதும் விடை உறுதியாக நிற்கும்.

நாளை உங்களில் ஒருவர் கச்சேரி மேசைக்கு அப்பக்கம் அமர்ந்திருக்கலாம். அப்போது முதற் படகில் வந்து வரிசையில் நிற்பவரிடம், "எங்கேயிருந்து வாறியள்?" என்று ஒரு தடவை கேளுங்கள். இப்பாடத்தைச் சரியாகப் படித்ததற்கு அதுவே அடையாளம்.